தைலம்மாள் போட்ட அம்பு

செலக்‌ஷன் பரீட்சையில் தைலம்மாள் தவறிவிட்டாள் என்ற சேதி வந்து சேர்ந்தபோது அவளுடைய அப்பா பொன்னுசாமி ஒரு கடலை மூட்டைக்கு அடியில் இருந்தார். செஞ்சிக் கடைத்தெருவில் அரங்கநாதன் மண்டி. வாசலில் திண்டிவனத்துக்குப் போகிற லாரி நின்றது. முதுகில் மூட்டை இருக்கிற மனிதனிடம் எந்தச் சேதியையும் சொல்லக்கூடாது. கணக்குப்பிள்ளை வீராசாமிக்கு அந்த இங்கிதமெல்லாம் கிடையாது.

"இன்னா பொன்னுசாமி, உன் பொண்ணு கோட்டடிச்சிட்டுதாமே" என்றான்.

பொன்னுசாமி மூட்டையை லாரியில் அடுக்கிவிட்டுத்தான் திரும்பினார்.

"ஆரு சொன்னாங்க?"

"சின்ன மொதலாளிதான். ராத்திரி பஸ்ஸுக்கு வந்துட்டாரில்ல. பேப்பர் திருத்தினதே அவருதானே."

பொன்னுசாமியை 'அவர்' என்று நான் எழுதுவது அந்த மண்டியில் யாருக்கும் பழக்கமில்லாத மரியாதை. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதரை வீராசாமி பெயர் சொல்லிக் கூப்பிடுவான். முதலாளி 'டா' போடுவார். நானாவது ஒழுங்காக எழுதிவிட்டுப் போகிறேன்.

அறுபத்தெட்டாம் வருஷம், மாசி பிறந்திருந்தது. தொண்டூர்ப் பாதையில் ஊர் முடிகிற இடத்தில் இருக்கும் காலனியிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் தைலம்மாள். கல்லூரி இரண்டு பஸ் மாறிப் போகிற ஊரில் இருந்தது. பி.எஸ்ஸி., கெமிஸ்ட்ரி, கடைசி வருஷம். சித்திரையில் யூனிவர்சிட்டி பரீட்சை. அதற்கு யாரை அனுப்பலாம், யாரை நிறுத்தலாம் என்று கல்லூரியே முன்கூட்டி ஒரு பரீட்சை வைக்கும். அதுதான் செலக்‌ஷன். அதில் தவறினால் அந்த வருஷம் போயிற்று. மற்றப் பிள்ளைகளுக்கு வருஷம் மட்டும்தான் போகும். தைலம்மாளுக்கு சர்க்கார் கொடுக்கிற ஸ்காலர்ஷிப்பும் நின்றுவிடும். அது நின்றால் ஹாஸ்டல் இல்லை. ஹாஸ்டல் இல்லையென்றால் படிப்பு இல்லை.

அவளை நிறுத்திய லெக்சரர் வேறு யாரோ முகம் தெரியாதவர் இல்லை. அரங்கநாதனின் மகன் பூவராகவன்தான். பொன்னுசாமி சுமந்த மூட்டையில் படித்துப் பெரியவரானவர் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

தைலம்மாள் அன்று சாயங்காலமே பஸ் ஏறி வந்துவிட்டாள். குடிசை வாசலில் பெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவினாள். அவளுடைய அம்மா நாகம்மாள் மண்டியில் விதைக் கடலை உரித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். விதைக்கு வேண்டிய கடலையை மிஷினில் உடைத்தால் பருப்பு அடிபட்டு முளைக்காது. அதனால் பெண்களைக் கொட்டகையில் உட்காரவைத்துக் கையால் உரிக்கச் சொல்வார்கள். ஓடு குத்திக் குத்திக் கட்டைவிரல் நகக்கண் பிளந்துபோகும். நாகம்மாள் இரண்டு கட்டைவிரலிலும் துணி சுற்றியிருந்தாள். அந்தக் கையோடு கேழ்வரகுக் களி கிளறி, மொச்சையும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்தாள்.

"மொதல்ல சாப்டு" என்றாள். மகள் இரண்டு உருண்டை சாப்பிடும்வரை வேறு எதுவும் கேட்கவில்லை. பிறகு கேட்டாள்.

"இன்னாதான் கேட்டான் அவன் பரீட்சைல?"

"அசிட்டோன்னு ஒரு சரக்கும்மா. அத்த சோடியம் போரோஹைட்ரைடுன்னு இன்னொரு சரக்கு வேற ஒண்ணா மாத்திடும். ரிடக்‌ஷன்னு பேரு. எப்படி மாத்துதுன்னு அம்பு அம்பா படம் போட்டுக் காட்டணும்."

"நீ போடலியா?"

"போட்டேன்."

"தப்பா போட்டியா?"

"சரியாத்தாம்மா போட்டேன்."

"சரியா போட்டா எதுக்குடி முட்டை போட்டான்?"

தைலம்மாள் எழுந்து மூலையிலிருந்த முறத்தை எடுத்துவந்தாள். நாகம்மாள் மடியில் ஒட்டிக்கொண்டு வந்த கடலை கொஞ்சம் அதில் கிடந்தது. நல்ல காய் ஒன்றை எடுத்து உடைத்தாள். உள்ளே இரண்டு பருப்பு இருந்தது. அதை இந்தப் பக்கம் வைத்தாள். பொக்குக் கடலை ஒன்றை உடைத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. அதை அந்தப் பக்கம் வைத்தாள்.

"இது ஹைட்ரைடு. இதுங்கிட்ட எலெக்ட்ரான் ரெண்டு இருக்குது, இந்தப் பருப்பாட்டம். இது கார்பன். பக்கத்துலயே ஆக்சிஜன் உக்காந்து இதுங்கிட்ட இருக்கிறத இழுத்து வெச்சிக்கிட்டதால இது பொக்காயிடிச்சி. இப்போ இந்தப் பருப்பு ரெண்டும் அங்கே போவும். அது போற வழியத்தான் அம்பு போட்டுக் காட்டணும். அப்போ அம்பு எங்கே கெளம்பணும்?"

"பருப்பு இருக்கிற எடத்துலேருந்து."

"எங்கே போய் முடியணும்?"

"பொக்குல."

"அப்படித்தாம்மா போட்டேன். அவரு கிளாஸ்ல பொக்குலேருந்து அம்பைக் கெளப்பி பருப்புல கொண்டாந்து முடிச்சாரு. நோட்ஸ்லயும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு."

"பொக்கு போயி பருப்பைப் புடுங்குதாமா?"

"அப்படித்தான் சொல்றாரு. இழுக்கிறது கார்பன்தானே, இழுக்கிறவன் கையிலேருந்துதான் அம்பு கெளம்பணுமாம்."

பொன்னுசாமி அதுவரை களித் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதை நீ அவருகிட்ட சொன்னியா?" என்றார்.

சொல்லியிருந்தாள். கோளாறே அங்கேதான். கல்லூரி லைப்ரரியில் அமெரிக்காக்காரன் எழுதிய தடிப் புத்தகம் ஒன்று இருந்தது. யாரும் எடுக்காமல் ஒட்டடை படிந்து கிடந்ததை இவள் எடுத்துப் படித்தாள். அதில் அம்பு வேறு பக்கம் போனது. கார்த்திகையில் ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று, "சார், புக்ல ஹைட்ரைடுலேருந்து கார்பனுக்கு அம்பு போட்டிருக்குது" என்றாள். பையன்கள் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பூவராகவனுக்குக் காது சிவந்துவிட்டது. "புக்கெல்லாம் படிக்கிற அளவுக்கு வந்தாச்சா? இங்க திருத்தப்போறது அமெரிக்காக்காரன் இல்ல. உக்காரு" என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள். பரீட்சையில் மட்டும் உட்காரவில்லை. ரிடக்‌ஷன் சம்பந்தமாக வந்த எல்லாக் கேள்விக்கும் புத்தகத்தில் இருந்தபடியே போட்டாள். அம்பு போட்ட இடமெல்லாம் சுழி. வகுப்பில் மற்ற எல்லோரும் நோட்ஸை அப்படியே வாந்தி எடுத்துப் பாஸாகிவிட்டார்கள்.

நாகம்மாள் முறத்தைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

"நம்ம பொண்ணு வாயத் தொறந்து ஒரு கேள்வி கேட்டுடுச்சின்னு பழி வாங்கறான். அதானே? போயி சட்டையைப் புடிச்சிக் கேளுய்யா."

"சட்டையைப் புடிச்சா மார்க்கு வந்துடுமா? சும்மா கெட."

"பின்ன இன்னா பண்ணப்போற?"

"நாளைக்கி நாயித்துக்கெழம, அவரு மண்டியிலதான் இருப்பாரு. கூட்டிக்கினு போயி தப்பு சொல்லச் சொல்றேன்."

தப்பு சொல்வது என்பது அரங்கநாதன் மண்டியின் நடைமுறை. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. போன ஐப்பசியில் ஒரு மூட்டை பொன்னுசாமியின் முதுகிலேயே கிழிந்து கடலை தெருவெல்லாம் கொட்டியது. சாக்கு மக்கிப் போயிருந்தது மண்டியில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பொன்னுசாமி முதலாளி முன்னால் போய், "தப்புங்க மொதலாளி, நாந்தான் சரியா புடிக்கல" என்றார். அரங்கநாதன் கால்மணி நேரம் வாயில் வந்தபடி ஏசினார். ஏசி முடித்ததும், "போடா, போய்க் கூலிய வாங்கிக்க" என்றார். அவ்வளவுதான். தப்பு யாருடையது என்பது அங்கே பேச்சே இல்லை. கீழே இருப்பவன் தப்பு என்று சொல்லவேண்டும். மேலே இருப்பவர் திட்டிவிட்டு விட்டுவிடவேண்டும். இந்த ஏற்பாட்டில் இரண்டு தலைமுறை வயிறு கழுவியிருக்கிறது. பொன்னுசாமிக்குத் தெரிந்த நியாயஸ்தலம் அது ஒன்றுதான். அதை நம்பியது அவர் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன்.

"நான் தப்பு பண்ணல நைனா" என்றாள் தைலம்மாள்.

"ஆரு பண்ணினேன்னு சொன்னது? வாயால சொல்லிட்டா ஒட்டிக்கினு வந்துடுமா? ஏசுவாரு. கேட்டுக்க. அப்பறம் பேரைச் சேத்துடுவாரு. சித்திரைல பரீட்சை எழுதிட்டு வந்து உனக்கு இஷ்டமான பக்கம் அம்பு போடு. நான் கேக்கல."

"அவரு போட்ட மாதிரியே போடச் சொன்னா?"

"போட்டுடு."

"பொய்யா?"

பொன்னுசாமி சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கை கழுவ வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு லீவு கிடையாது. பின்பட்டத்து விதைப்பு நெருக்கியடித்தது. கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். நாகம்மாளும் அவர்களில் இருந்தாள். கோட்டைப் பாறையில் பட்டு வருகிற வெயில் காலை ஒன்பதுக்கே சுள்ளென்று இறங்கிவிட்டது. காயவைக்கிற சிமெண்டுக் களத்தின் ஓரம் வேப்பமர நிழலில் அரங்கநாதன் நாற்காலி போட்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் பூவராகவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி.

அப்பாவும் மகளும் களத்து வெயிலில் வந்து நின்றார்கள். நிழலுக்கு வரச்சொல்லி யாரும் சொல்லவில்லை.

"சார்" என்றாள் தைலம்மாள்.

பூவராகவன் பேப்பரை மடித்தார். "சிபாரிசுக்கு அப்பனைக் கூட்டிக்கிட்டு வந்தியா?"

"சிபாரிசெல்லாம் இல்லீங்க சார்" என்றார் பொன்னுசாமி. "அது தப்பு பண்ணிடிச்சி. சின்னப் பொண்ணு. பெரியவங்க மன்னிச்சி உட்டுடணும்."

"நீ சொல்லக்கூடாது பொன்னுசாமி. அது சொல்லணும்."

தைலம்மாள் அப்பாவைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார்.

"தப்பு சார்" என்றாள்.

"எது தப்பு?"

"நான் அம்பு போட்டது."

"எனக்குக் கேட்டுப் பிரயோஜனமில்ல. அங்க எல்லாருக்கும் கேக்கணும்."

"நான் அம்பு போட்டது தப்பு சார்."

கொட்டகையில் கடலை உடைகிற சத்தம் குறைந்தது. பூவராகவனுக்கு இன்னும் திருப்தியாகவில்லை. கார்த்திகையில் சிவந்த காது இந்த மாசி வரைக்கும் ஆறாமல் இருந்திருக்கிறது.

"தப்புன்னு வாயால ஆரு வேணும்னாலும் சொல்லலாம். எது சரின்னு தெரிஞ்சாத்தானே தப்பு எதுன்னு தெரியும்? போட்டுக் காட்டு. டேய் வீராசாமி, மூட்டைக்கு நம்பர் போடற சாக்கட்டியக் குடு அதுங்கிட்ட."

பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கிற பெண்ணைச் சுடுகிற சிமெண்டுத் தரையில் முட்டி போட வைத்துப் படம் போடச் சொன்னார் அந்த லெக்சரர். வீட்டுக்குள்ளே மேசை இருந்தது. காகிதம் இருந்தது. உள்ளே கூப்பிடத்தான் மனசு இல்லை.

தைலம்மாள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கடலைத் தூசியைக் கையால் தள்ளினாள். முதலில் கார்பனைப் போட்டாள். அதற்கு மேலே இரட்டைக் கோடு இழுத்து ஆக்சிஜனைப் போட்டாள். இரண்டு பக்கமும் மெத்தில் தொகுதிகள். தள்ளிப் போரானையும் அதை ஒட்டி ஹைட்ரஜனையும் போட்டாள். அதுவரை கை ஓடியது. அப்புறம் சாக்கட்டி கார்பன் மேலேயே நின்றது.

"ம்" என்றார் பூவராகவன்.

கார்பனிலிருந்து ஹைட்ரஜனுக்கு வளைத்து ஒரு அம்பு போட்டாள்.

"கரெக்ட். தெரியுதில்ல? அதைத்தானே நான் சொல்லிக் குடுத்தேன்."

பொன்னுசாமியின் முகத்தில் சேதி வந்ததிலிருந்து இல்லாத வெளிச்சம் வந்தது. ஏச்சு முடிந்துவிட்டது. இனி கூலி.

"அப்போ பேரைச் சேத்துடுவீங்களா சார்?"

"எப்படிச் சேக்கிறது?"

"அதான் தப்பு சொல்லிடிச்சீங்களே."

"அதைத்தான் நானும் சொல்றேன். எது சரின்னு அதுவே இப்போ போட்டுக் காட்டிடுச்சி. அப்போ பரீட்சைல போட்டது தப்பு. அதுவே எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிச்சி. தப்புன்னு ஒத்துக்கிட்டதுக்கு மார்க்கு போடுன்னா எப்படி? பிரின்ஸிபாலுக்கு நான் பதில் சொல்ல வேணாமா? ஒரு வருஷம் நல்லா படிச்சிட்டு அடுத்த வருஷம் எழுதட்டும்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. வகுப்பில் கணக்குப் போட்டு விடையின் கீழே கோடு இழுப்பதுபோல் நிதானமாகச் சொன்னார். அதுதான் எனக்கு ஆறவே ஆறாதது. கத்தியிருந்தால் கோபக்காரர் என்று விட்டுவிடலாம். இவர் அந்தப் பெண்ணின் கையாலேயே அவளுக்குத் தீர்ப்பு எழுத வைத்துவிட்டார்.

அரங்கநாதனுக்கே பொறுக்கவில்லை. அவர் பழைய காலத்து மனுஷர். ஏசுவார், விட்டுவிடுவார். இது அவருக்கும் புதிதாக இருந்தது.

"டேய், அதான் ஒத்துக்கிச்சேடா. சேத்துட்டுப் போயேன்."

"அப்பா, இது மண்டி இல்ல" என்றார் பூவராகவன். பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

கொட்டகையில் இப்போது ஒரு கடலைகூட உடையவில்லை. பொன்னுசாமி தரையில் கிடந்த படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் முறத்தில் மகள் பருப்பையும் பொக்கையும் வைத்துக் காட்டியது மறக்கவில்லை. எது எங்கே கிளம்பியிருக்கிறது என்று தெரிந்தது.

"கண்ணு, அத்த அழி" என்றார்.

தைலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அழின்றேன்."

உள்ளங்கையால் தேய்த்து அழித்தாள். சாக்கட்டியும் செம்மண்ணும் கலந்து கை சிவந்தது.

"பரீட்சைல நீ இன்னா போட்டியோ அத்தப் போடு."

"எதுக்குடா இப்போ இது?" என்றார் பூவராகவன்.

அந்த 'டா' வகுப்பில் வராது. மண்டியில் வந்துவிட்டது. பொன்னுசாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மார்க்குக்கு இல்ல சார். நான் சொன்னேன்னுதான் அது தப்பா போட்டுது. இத்தன பேரு பாத்தாங்க. சரியானதையும் பாக்கட்டும்."

இந்தத் தடவை தைலம்மாளின் கை எங்கேயும் நிற்கவில்லை. பெரிதாகப் போட்டாள், கொட்டகையிலிருந்து தெரிகிற அளவுக்கு. போரானுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவிலிருந்து ஒரு அம்பு கிளம்பிக் கார்பனில் போய் முடிந்தது. இரட்டைக் கோட்டிலிருந்து இன்னொரு அம்பு கிளம்பி ஆக்சிஜனுக்குப் போனது. பக்கத்தில் அடுத்த படம் போட்டாள். அதில் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து ஒரு ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டது. கடைசியில் வந்த சரக்கின் பெயரை எழுதி, கீழே கோடும் போட்டாள். எழுந்து சாக்கட்டியை வீராசாமியிடம் கொடுத்தாள்.

"இதுதான் சார் சரி" என்றாள். "நீங்க போட்டது தப்பு."

பூவராகவன் பேப்பரைக் கீழே வைக்கவில்லை. அரங்கநாதன் தொண்டையைச் செருமினார். "பொன்னுசாமி, நாளையிலேருந்து நீ வரவேணாம்" என்றார். அதைச் சொல்லும்போது அவரால் பொன்னுசாமியை நேராகப் பார்க்க முடியவில்லை.

கொட்டகையில் நாகம்மாள் எழுந்து மடியை உதறினாள். காலையிலிருந்து உரித்த பருப்பு முறத்தில் குவிந்திருந்தது. அளந்து கூலி வாங்கவேண்டும். வாங்கவில்லை. களத்தில் கிடந்த படத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து மகள் கையைப் பிடித்தாள்.

"வாடி, வூட்டுக்குப் போவலாம்."

மறுநாள் பொன்னுசாமியும் தைலம்மாளும் பஸ் மாறிக் கல்லூரிக்குப் போனார்கள். பிரின்ஸிபால் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். டிபார்ட்மெண்டில் போட்ட மார்க்கில் தான் தலையிட முடியாது என்றார். லைப்ரரிப் புத்தகத்தைத் தைலம்மாள் மேசை மேல் பிரித்து வைத்தாள். "நான் சரித்திரம் படிச்சவன்மா" என்று சொல்லி மூடிவிட்டார்.

சித்திரையில் யூனிவர்சிட்டி பரீட்சை நடந்தது. நோட்ஸை மனப்பாடம் செய்த பிள்ளைகள் எழுதினார்கள். அவர்களில் ஒருத்தி தைலம்மாளுக்குக் கேள்வித்தாளை அனுப்பியிருந்தாள். ரிடக்‌ஷன் பற்றி அதில் ஒரு கேள்விகூட வரவில்லை. வராத கேள்விக்கு ஒரு பெண்ணின் வருஷத்தைத் தின்றார்கள்.

செஞ்சியில் வேறு மண்டிகளும் இருந்தன. அரங்கநாதன் வேண்டாமென்ற ஆளை அவை சேர்க்கவில்லை. வல்லத்தில் ஒரு மண்டியில் கேட்டார்கள். மூட்டை தூக்க ஆள் வேண்டும், உரிக்கவும் ஆள் வேண்டும் என்றார்கள். அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் விடிவதற்கு முன்னால் கிளம்பி நடந்து போய் வேலை செய்தார்கள். வெயில் காலம் முழுவதும் தைலம்மாள் கடலை உரித்தாள். அவள் கட்டைவிரலிலும் துணி ஏறியது. வீட்டில் நின்ற கறவை மாடு ஆனி மாதம் அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போனது. திரும்பி வரவில்லை. கல்லூரி இருந்த ஊரில் நாகம்மாளுக்குத் தூரத்து உறவாக ஒரு அக்கா இருந்தாள். ஒரு மூலையில் படுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பினாள்.

கல்லூரி திறந்த அன்று முதல் பஸ்ஸுக்குப் பொன்னுசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாகம்மாள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மகளின் தலையைத் தடவிவிட்டு வல்லம் ரோட்டில் முன்னாலேயே நடந்துவிட்டாள். பஸ்ஸில் கூட்டம் இல்லை. தைலம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பொன்னுசாமி கீழே நின்றார்.

"சாப்பாட்டுத் தூக்கு எடுத்தியா?"

"எடுத்தேன்."

"அந்தக்கா வூட்ல வேலை இருந்தா கூடமாட செய்யி. சும்மா உக்காந்து தின்னேன்னு பேரு வாங்காத."

"சரி நைனா."

டிரைவர் ஏறி இன்ஜினைக் கிளப்பினார். தைலம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"வர்ற தையிலயும் அவருதான் நைனா பேப்பர் திருத்துவாரு."

"தெரியும்."

"இந்தக் கேள்விய உடமாட்டாரு. வேணும்னே கேப்பாரு."

"கேக்கட்டும்."

"நான் இன்னா போடட்டும்?"

கண்டக்டர் விசில் ஊதினார். பொன்னுசாமி பஸ்ஸோடு நாலடி நடந்தார்.

"அன்னைக்கிக் களத்துல ரெண்டாவதா போட்டியே கண்ணு, அத்தையே போடு" என்றார்.

பஸ் போய்விட்டது. பொன்னுசாமி வல்லம் ரோட்டில் திரும்பி வேகமாக நடக்க ஆரம்பித்தார். நாகம்மாள் அதற்குள் வெகுதூரம் போயிருந்தாள்.